ஞாயிற்றுக்கிழமை எடை

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்வேயர் வீட்டு முன்னறைக்கு வந்த பெண்மணி, உட்காரச் சொல்வதற்குள் கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். பேனா போலிருந்த ஐந்து ஊசிக் குழல்கள் உருண்டோடின. அதில் ஒன்று மடியில் விழவும், மாஸ்டர் தேள் கொட்டியவர்போலத் துள்ளி எழுந்தார்.

"இதுல மருந்து இல்லைங்க. யாரோ மருந்தை எடுத்துட்டுத் தண்ணியை அடைச்சு வைக்கறாங்க. யாருன்னு எனக்குத் தெரியணும். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள தெரியணும்" என்றாள்.

சர்வேயர் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக முப்பது வருடம் எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்வையிட்டு, எது விபத்து, எது நாடகம் என்று பிரித்துச் சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர்க்காரர்கள் அவரை விடவில்லை. மாஸ்டர் அவருடைய தங்கை கணவர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். விசிலைக் கீழே வைத்த நாளிலிருந்து அவருக்கு வயிறு மட்டும் தடையில்லாமல் வளர்ந்தது. வழக்கு என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை.

"என்ன மருந்தும்மா இது?" என்று சர்வேயர் கேட்டார்.

"உடம்பு இளைக்கறதுக்கு. டாக்டர் எழுதிக் குடுத்தது. வாரம் ஒரு ஊசி."

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க. வேர்வை சிந்தாம இளைச்சா அது இளைப்பா? காலையில அரை மணி ஓடினாப் போதுமே. என்னைப் பாருங்க, நேத்து கண் ஆஸ்பத்திரியில எடை பார்த்தாங்க, தொண்ணூத்தி ஒண்ணு. நான் ஊசியா போட்டுக்கறேன்?"

"நீங்க ஓடறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் கதை இதுதான். துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவள். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் பதினாறு வருடம் உட்கார்ந்தவள். அங்கே எல்லோரும் அவளை 'உச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பிடியைத் தொட்ட மாத்திரத்தில் பெட்டியில் எத்தனை டன் என்று சொல்லிவிடுவாள் என்று பெயர். ஆனால் ஏணியில் ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார் நூறு கிலோவுக்குத்தான் உத்தரவாதம். போன வருடம் அவள் எடை நூற்றெட்டு. கீழே இறக்கிவிட்டார்கள். ஒரு வருடமாகச் சரக்குச் சீட்டில் முத்திரை குத்துகிறாள். அந்த ஒரு வருட அவகாசம் இன்று ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் நூறுக்குக் கீழே எடை காட்டினால் கூண்டு அவளுக்கு. இல்லையென்றால் வேறொருவருக்கு.

"பட்டினி கிடந்தேன், நடந்தேன், எல்லாம் பண்ணினேன். அப்புறம்தான் டாக்டர் இதை எழுதினார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டா யாரும் குறுக்கு வழின்னு சொல்றதில்ல, இதுக்கு மட்டும் ஏன் வெட்கப்படணும்னு கேட்டார். அஞ்சு மாசமாச்சு. ஒரு கிலோ குறைஞ்சிருக்கு. ஒரே ஒரு கிலோ!"

"டாக்டர் எடை பார்க்கலையா?"

"ஆஸ்பத்திரி வெளியூர்ல. மாசாமாசம் போன்லதான் பேசறேன். வீட்டுல பார்த்த எடையைச் சொல்லுவேன். குறையலைன்னு ரெண்டு தடவை அளவை ஏத்திட்டார்."

"வீட்டுல எப்படிப் பார்ப்பீங்க?"

"எங்க வீட்டுக்காரர் சலவை நிலையம் வெச்சிருக்கார். கடைக்கு மேலதான் வீடு. மூட்டை நிறுக்கற எடைமேடை இருக்கு. ஞாயித்துக்கிழமை கடை லீவு. அவர் எடை வட்டுகளை மாட்டி விடுவார், நானே என் கண்ணாலதான் பார்ப்பேன். ஊசியும் அவர்தான் போட்டு விடுவார். எனக்கு ஊசின்னா பயம்."

"நாற்பது மீட்டர் பயமில்ல, ஊசி பயமா?" என்றார் மாஸ்டர். அவள் சிரிக்கவில்லை.

"யார் மேல சந்தேகம்?"

அவள் தயங்கினாள். "எங்க நாத்தனார் மேல. அவருக்கு அக்கா. கடையில தையல் அவங்கதான். ஊசியைப் பார்த்தாலே பிடிக்காது. வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு வைத்தியம்னு சொல்லுவாங்க. ஊசி இருக்கற குளிர்பெட்டிதான் அவங்களுக்கும் குளிர்பெட்டி."

சர்வேயர் அவள் சொல்வதைக் கேட்டபடியே அவள் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தின் தோல்வாரில் முதல் துளையைச் சுற்றி ஆழமான தடம் பதிந்திருந்தது. கொக்கியோ நான்காவது துளையில் இருந்தது.

"வார் பழசா?"

"ஆமாங்க. தோல் இழுத்துக்கிட்டுப் போச்சு. மாத்தணும்."

"சாப்பாடு எப்படி?"

"ரெண்டு வாய்க்கு மேல இறங்காது. அளவை ஏத்தினதிலிருந்து வாந்தி. போன வாரம் வேலை இடத்துல மயங்கி விழுந்தேன். முகம் வாடிப் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான்தான் கண்ணாடியே பார்க்கறதில்ல."

"உடுப்பு?"

"அதான் கேவலம்! இந்தச் சீருடைச் சட்டையைப் பாருங்க, அஞ்சு மாசத்துக்கு முன்னால எப்படிப் பிடிச்சுதோ அப்படியே பிடிக்குது. தராசு பொய் சொன்னாலும் சட்டை பொய் சொல்லுமா?"

சர்வேயர் குழல்களைப் பொறுமையாக டப்பாவில் அடுக்கினார். "அம்மா, தண்ணியைக் குத்திக்கிட்டா வாந்தி வராது, பசியும் அடங்காது. மருந்து உள்ளே போகுது. அதனால இது திருட்டு இல்ல. வேற ஏதோ." அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க மாப்பிள்ளை."

போகிற வழியில் மருந்துக்கடையில் இறங்கினார்கள். கடைக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "என் கடையில போலியா?" என்று ஐந்து குழல்களின் எண்களையும் பதிவேட்டோடு ஒத்துக் காட்டினார். மூடியின் முத்திரை, உள்ளே மீதமிருந்த துளி, எல்லாம் சரியாக இருந்தன. "சீட்டு இல்லாம, கல்யாணம் வருது, ஊசி குடுங்கன்னு தினம் நாலு பேர் வந்து நிக்கறாங்க. விரட்டி அடிக்கறேன். ஒழுங்கா டாக்டர் சொல்லி வாங்கறவங்க இந்த அம்மா. அவங்களுக்கா நான் தண்ணி விப்பேன்?"

மாஸ்டர் தன் பட்டியலில் மருந்துக்கடைக்காரரை அடித்துவிட்டார். மிச்சம் ஒரே ஒருத்தி. வழக்கு முடிந்தது என்றே அவர் நினைத்தார்.

சலவை நிலையத்தில் சோப்பு வாசனையும் நீராவியும் மூச்சை அடைத்தன. முன்பக்கம் நீளமான பலகை, அதன் ஓரத்தில் தையல் இயந்திரம், அதற்கு எதிரே இரும்பு எடைமேடை. பின்னால் துவைக்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. கணவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். மெலிந்த, மென்மையான மனிதர். மனைவிக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொண்டுவந்தார், "தலை சுத்துதா?" என்று விசாரித்தார். வந்தவர்கள் துப்பறிய வந்தவர்கள் என்று தெரிந்ததும், "கண்டுபிடிங்க சார். இவ படற பாட்டைப் பார்க்க முடியல" என்றார். மாஸ்டருக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

நாத்தனார் இயந்திரத்தை விட்டு எழவே இல்லை. "ஊசி ஊசின்னு ஊரைக் கூட்டறாளா? நிறுத்தினா மறுபடி ஊதத்தான் போகுது. நான் சொன்னா பொல்லாதவ."

"நீங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்றார் சர்வேயர் பிடிகொடுக்காமல். பிறகு எடைமேடையைச் சுற்றி வந்தார். ஐம்பது கிலோ வரைக்கும் தண்டில் நகரும் குண்டே போதும். அதற்கு மேல் போனால், தண்டின் நுனிக் கொக்கியில் '50' என்று பொறித்த வட்டுகளை மாட்ட வேண்டும். இரண்டு வட்டுகள் ஆணியில் தொங்கின.

"துணி நிறுக்க இந்த வட்டு தேவைப்படுமாம்மா?"

"அம்பது கிலோ அழுக்கை ஒரே மூட்டையா எந்த மகராசன் கொண்டு வருவான்?" என்றாள் நாத்தனார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஏறி நில்லுங்க."

மாஸ்டர் வேண்டாவெறுப்பாக ஏறினார். மேடை காலியாக இருந்தபோது முள் சரியாக நடுவில் நின்றதை அவரே பார்த்திருந்தார். ஒரு வட்டை மாட்டி, குண்டை நகர்த்தி, தண்டு சமமானதும் சர்வேயர் படித்தார்: "தொண்ணூத்தி ஏழு."

"என்னது! நேத்து தொண்ணூத்தி ஒண்ணு!"

"ஒரே நாள்ல ஆறு கிலோன்னா, எதை முழுங்கினீங்க?" என்று நாத்தனார் சிரித்தாள். மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. இரவு இரண்டாவது தடவை பரிமாறச் சொன்னதை நினைத்துக்கொண்டார்.

சர்வேயர் வட்டைக் கழற்றிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பலகைமேல் வைத்தார். "இவங்க சீருடைச் சட்டை வேற ஒண்ணு இருக்கா?" என்று கேட்டு, மடித்து வைத்திருந்த ஒன்றை வாங்கினார். உள்பக்கத்தைத் திருப்பி, பக்கவாட்டுத் தையலை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். "கடையில துணிக்கெல்லாம் குறி போடுவீங்களே, யார் போடுவாங்க?"

"என் தம்பிதான். மையைத் தொட வேற யாரையும் விடமாட்டான். குறி இல்லாத துணியைக் கண்டா அவனுக்குத் தூக்கம் வராது" என்றாள் நாத்தனார்.

மாஸ்டரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான், நான் சொல்லிடறேன். தராசுல கோளாறு, சட்டையிலயும் கோளாறு. தராசுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு? தைக்கத் தெரிஞ்சது யாரு? இந்த மருந்தே ஆகாதுன்னு வாய் ஓயாம பேசறது யாரு?" அவர் விரல் தையல் இயந்திரத்தை நோக்கி நீண்டது.

உச்சி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அண்ணி, நீங்களா?"

நாத்தனாரின் முகம் சிவந்தது. "நான் பேசறவதான். மூஞ்சிக்கு நேரா பேசுவேன். முதுகுக்குப் பின்னால தைக்க எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டுத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க" என்றார் சர்வேயர் இருவரையும் பார்த்து. "மாப்பிள்ளை பாதி சரியாச் சொன்னார். மருந்து நல்ல மருந்து. அது வேலையும் செஞ்சிருக்கு. அம்மா, நீங்க நூத்தி ஏழு கிலோ இல்ல."

இயந்திரங்களின் சத்தத்தை மீறி அந்த வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்தது.

"முதல்ல உங்க கடிகாரம். தோல்வார் இழுத்துக்கிட்டுப் போனா துளையும் நீண்டு கிழிஞ்சிருக்கும். உங்க வார்ல துளையெல்லாம் வட்டமா, கிழியாம இருக்கு. இளைச்சது உங்க மணிக்கட்டு. அப்ப சட்டை மட்டும் ஏன் அப்படியே பிடிக்குது? சலவைக்குப் போறதெல்லாம் இறுக்கமாவே இருக்கு. சலவைக்குப் போகாத ஒரே ஒண்ணு தளர்ந்து போச்சு. அப்பவே என் சந்தேகம் இந்தக் கடைப் பக்கம் வந்துடுச்சு."

அவர் வட்டைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஈயம் நிரப்பிய குழி ஒன்று இருந்தது. அந்த ஈயம் புதிதாகத் துளையிடப்பட்டு, மேலே கறுப்பு மெழுகு பூசப்பட்டிருந்தது. "வட்டு இளைச்சா, மேல நிக்கறவங்க குண்டாயிடுவாங்க. ஒரு வட்டுக்கு ஆறு கிலோ கூடக் காட்டுது, மாப்பிள்ளை புண்ணியத்துல தெரிஞ்சுது. உங்களுக்கு ரெண்டு வட்டு. பன்னெண்டு கிலோ. வாராவாரம் நீங்க இளைக்க இளைக்க, யாரோ கொஞ்சம் கொஞ்சமா ஈயத்தைச் சுரண்டியிருக்காங்க. காலித் தராசு சரியாத்தான் காட்டும். துணி எடையும் சரியா இருக்கும். இந்த வட்டு தேவைப்படறது இந்தக் கடையில ஒரே ஒருத்தருக்குத்தான்."

"அப்ப சட்டையை..." என்றாள் அவள்.

சர்வேயர் நாத்தனாரிடம் கத்தரிக்கோலை வாங்கி, பக்கவாட்டுத் தையலைப் பிரித்தார். நூல் விட்டதும் உள்ளே மடிந்திருந்த துணி விரிந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். மூன்று புள்ளி, ஒரு கோடு, கறுப்பு மையில். அதற்கு ஒரு விரல் தள்ளி மறுபடி மூன்று புள்ளி, ஒரு கோடு. மறுபடி. மறுபடி. நான்கு குறிகள் வரிசையாக இருந்தன.

"ஒரு துணிக்கு ஒரு குறி போதும். இதுல நாலு. ஒவ்வொரு தடவை சட்டையைப் பிடிச்சுத் தைக்கும்போதும் பழைய குறி மடிப்புக்குள்ள போயிடுச்சு. தையல்காரி தைச்சிருந்தா அதோட விட்டிருப்பாங்க. ஆனா இதைத் தைச்சவருக்குக் குறி இல்லாத துணியை அடுக்க மனசு வரல. கை தானாப் போய்ப் புதுக்குறி போட்டிருக்கு." சர்வேயர் திரும்பினார். "பல வருஷக் கைப்பழக்கம். இல்லீங்களா?"

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உச்சி அவரையே பார்த்தாள். "சொல்லுங்க. இவர் சொல்றது பொய்னு சொல்லுங்க."

"நான் ஊசியில கை வைக்கல" என்றார் அவர். "சத்தியமா ஊசியில கை வைக்கல. பக்கத்துக் கிரேன்லருந்து அந்த ஆள் விழுந்தானே, அன்னியிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீ கீழே வந்தே, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல இருந்தே. ஒரு வருஷம், நான் நிம்மதியா இருந்தேன். வேண்டாம்னு சொன்னா நீ கேப்பியா? எதுக்கறதுக்கு அக்கா இருந்தா. நான் உன் பக்கம் நின்னேன். மருந்து பலிக்கலைன்னு நீயா விட்டுடுவேன்னு நினைச்சேன்."

"என் பக்கம் நின்னீங்களா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் மாஸ்டரை என்னவோ செய்தது. "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை கேட்டும் இருப்பேன். டாக்டர் கிட்ட நான் சொன்ன ஒவ்வொரு எடையும் உங்க பொய். அதை நம்பி ரெண்டு தடவை அளவை ஏத்தினார். குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். அப்ப என் தலையைப் பிடிச்சுக்கிட்டது யாரு?"

அவர் பலகையிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கையாலதான் பிடிச்சீங்க. அதே கையாலதான் ஈயத்தைச் சுரண்டினீங்க. என் உடம்பு எனக்கே துரோகம் பண்ணுதுன்னு நினைச்சு அதை நான் எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமா? அது பாவம், சொன்னபடி கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

நாத்தனார் எழுந்து வந்தாள். தம்பியைப் பார்க்கவே இல்லை. பிரிந்து கிடந்த சட்டையை எடுத்தாள். "போட்டிருக்கறதைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கறியா? அஞ்சு நிமிஷத்துல மூணு மடிப்பையும் பிரிச்சுத் தரேன். இறுக்காத சட்டையோட போ" என்று மட்டும் சொன்னாள்.

சர்வேயர் டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அடுத்த ஊசியை நிறுத்திவைக்கச் சொல்லி, மறுநாளே நேரில் வரச் சொன்னார் டாக்டர். வெளியே வந்ததும் மாஸ்டர் மெதுவாகக் கேட்டார், "மச்சான், அப்ப அந்த மருந்து நல்லதா, கெட்டதா?"

"அதை அவங்களும் டாக்டரும் பேசி முடிவு பண்ணுவாங்க. முடிவு பண்ண உண்மையான எடை வேணும். அது அவங்க கைக்கு வராமப் பார்த்துக்கிட்டார் அவங்க வீட்டுக்காரர்."

மாஸ்டருக்குத் தன் ஓட்டப் பிரசங்கம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

துறைமுக அலுவலகத்துக்கு மூவரும் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருபது. மூலையிலிருந்த தராசில் உச்சி ஏறினாள். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "தொண்ணூத்தஞ்சு கிலோ நானூறு. அட, இறங்கிட்டீங்களே!" மருத்துவர் சான்று வந்ததும் அடுத்த மாதமே கூண்டுக்குப் போகலாம் என்றார். அவள் தலையாட்டினாள். இந்த நாளுக்காக ஒரு வருடம் காத்திருந்தவளின் முகத்தில் சந்தோஷத்தைத் தேடி மாஸ்டர் ஏமாந்து போனார்.

குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாவற்றையும் அவள் மளமளவென்று நிரப்பினாள். கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். 'ஆபத்து நேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' என்று அச்சிட்டிருந்தது.

"பதினாறு வருஷமா எழுதறதுதானே, அதையே எழுதுங்க" என்றார் குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தபடி.

அவள் பேனாவை அந்தக் காலி இடத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு படிவத்தில் விழ, அதைப் புறங்கையால் ஒற்றி எடுத்தாள். பிறகு குனிந்து நாத்தனாரின் பெயரை எழுதினாள்.